அப்பாவின் எடை

"இது எங்க வீட்டுக்காரர் இல்ல," என்றாள் அம்மா, பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு.

படையின் தச்சுப் பட்டறையில் நின்ற சார்ஜண்ட் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் பாதியை மறைக்கிற மீசை வைத்திருந்த மனிதர் அவர். ஒரே அதட்டலில் ஒரு மைதானத்தையே நடுங்க வைப்பவர். ஆனால் இப்படியொரு புகார் வந்தால் என்ன பதில் சொல்வதென்று அவருக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை, பாவம்.

"அம்மா, இது யாருமே இல்லம்மா. உள்ள மணல்தான் இருக்கு."

"அது தெரியாமலா வந்திருக்கேன்? மணலா இருந்தாலும் அவரோட எடையில இருக்க வேணாமா? இது யாரோ நல்லா சாப்பிட்டு வளர்ந்த ஆளு."

பின்னால் நின்ற பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள். பாப்பா என்றதும் இடுப்பில் தூக்கிக்கொள்கிற குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். காதோரம் நரை எட்டிப்பார்க்கிற வயது அவளுக்கு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவள் ஒரு குரல் கொடுத்தால் வேனில் இருக்கிற அத்தனை வாண்டுகளும் கப்சிப். வீட்டில் மட்டும் இன்னும் பாப்பாதான். பேரை மாற்றிக் கூப்பிடச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள், எடுபடவில்லை.

விஷயம் இதுதான். அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த சண்டையில், மலைக்கு அந்தப் பக்கம் ரோந்து போன ஒரு கூட்டம் திரும்பி வரவே இல்லை. பாப்பாவின் அப்பா அதில் ஒருவர். உடல் கிடைக்கவில்லை. உடல் என்ன உடல், ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. 'காணவில்லை' என்று ஒரு வார்த்தையோடு படை கையை விரித்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து யாரோ ஒரு பெரிய அதிகாரிக்கு மனசு உறுத்தி, காணாமல் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, ஒரு குழி, ஒரு கல், மேலே துப்பாக்கி மரியாதை என்று உத்தரவு போட்டார். நாளைக் காலையில் அடக்கம். இன்று சாயங்காலத்துக்குள் குடும்பத்தார் வந்து பார்த்து, வைக்க வேண்டியதை வைத்து, சரி என்று தலையாட்டினால் தச்சர் மூடியைத் திருகி முடுக்கிவிடுவார். தலையாட்டாத வீட்டுப் பெட்டி வண்டியில் ஏறாது.

வெறும் பெட்டியாகவே புதைத்திருக்கலாம். முதல் ஒத்திகையில் அப்படித்தான் தூக்கினார்கள். தோள் மேல் அது துள்ளு துள்ளு என்று துள்ளியது. காற்று ஒரு வீசு வீசியதும் பெட்டி ஒரு பக்கம், தூக்கியவர்கள் ஒரு பக்கம். சார்ஜண்டுக்கு மானம் போயிற்று. அன்றைக்கே தச்சுப் பட்டறைக்கு வந்து, ஆள் நீளத்துக்குக் கான்வாஸ் பை தைத்து, அதில் மணலை நிரப்பி, எல்லாப் பெட்டியிலும் ஒரே எடையாகப் படுக்க வைக்கச் சொன்னார். நடக்கிறவர்கள் கால் ஒன்றாக விழ வேண்டுமாம்.

அம்மாவுக்கு அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"மத்த வீட்டுக்காரங்க யாரும் ஒண்ணும் சொல்லலையேம்மா," என்றார் சார்ஜண்ட் கெஞ்சலாக.

"அவங்க வீட்டுக்காரரைப் பத்தி அவங்களுக்குத் தெரியும். நான் எதுக்குங்க அதுல மூக்கை நுழைக்கணும்? எங்க வீட்டுக்காரர் ஒல்லி. அவ்ளோதான்."

இந்த ஒல்லிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பாப்பாவுக்குத் தெரியும். படை எதைக் கொண்டுவந்தாலும் அம்மா ஒரு காரணம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு தடவை பெயர் பொறித்த கல் வைக்கிறோம் என்றார்கள். கல்லுக்கு என்ன அவசரம், எங்கே ஓடப்போகிறது என்றாள். இன்னொரு தடவை பதக்கம் கொடுக்க வந்தார்கள். அவரே வந்து வாங்கிக்கொள்வார் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். இன்றைக்கும் அவள் பேச்சில் அவர் 'இருந்தார்' கிடையாது, 'இருக்கிறார்'தான். பாகற்காய் தொட மாட்டார், மின்விசிறியை வேகமாக வைத்தால் தும்முவார். மாதக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி, சாப்பிடாமல் இருந்து, பேசாமல் இருந்து, பாப்பா அவளை இந்தப் பட்டறை வாசல் வரைக்கும் இழுத்து வந்திருந்தாள். இப்போது எடை என்கிறாள். நாளைக்கு மணலின் நிறம் என்பாள்.

"ஒல்லியா?" என்று ஒரு குரல் வெடித்தது. அத்தை! அப்பாவின் அக்கா. கையில் ஒரு துணிப்பையை அணைத்துப் பிடித்தபடி, இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிய காரியம். "யாரு ஒல்லி? என் தம்பியா? எங்க வீட்ல இருந்த வரைக்கும் தூண் மாதிரி இருந்தான். கல்யாணம் ஆச்சு, வத்திப் போனான்."

அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அண்ணி, என் சமையலைப் பத்திப் பேசணும்னா வீட்ல வச்சுப் பேசலாம்."

"அது சமையலா? அதை நான் ஒண்ணும் சொல்லலையே. தூண் உள்ள போச்சு, துடைப்பக்குச்சி வெளிய வந்துச்சு. நடுவுல என்ன நடந்துச்சோ எனக்கு எப்படித் தெரியும்?"

தச்சர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். மரத்தோடேயே காலம் தள்ளுகிறவருக்கு இப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம்.

சார்ஜண்ட் தொண்டையைக் கனைத்தார். "சண்டையே வேணாம்மா. அவர் படையில சேர்ந்தப்போ எடை பாத்து எழுதியிருக்காங்க. அதைக் கேட்டுச் சொல்றேன். அதே அளவு போட்டுடலாம்." போனை எடுத்து அலுவலகத்தில் கேட்டார். எடையைச் சொன்னார்.

அத்தை வெற்றிப் பார்வை பார்த்தாள். அம்மாவோ அசரவில்லை.

"அதுல பாதி தண்ணி," என்றாள்.

"என்னது?"

"சேர்றதுக்கு எடை பத்தல. ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவை போறப்போ ஒரு தார் வாழைப்பழத்தை உள்ள தள்ளி, குடம் குடமாத் தண்ணியைக் குடிச்சுட்டுப் போய் எடை மெஷின்ல ஏறினார். குனியக்கூட முடியல. ஷூவைக் கழட்டுன்னு சொன்னதுக்கு, நீங்களே கழட்டிக்குங்க சார்னு சொல்லியிருக்கார். முத்திரை குத்தினதுதான் தாமதம், எடுத்தார் பாருங்க ஓட்டம். படையில அவர் ஓடின முதல் ஓட்டமே கழிவறைக்குத்தான். அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வேணும்னா அண்ணியைக் கேளுங்க, பழத்தை உரிச்சுக் கொடுத்ததே அவங்கதான்."

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை கூரையைப் பார்த்தாள்.

"அவன் அழுதான்," என்றாள் கடைசியில் மென்று விழுங்கிக்கொண்டு. "படைக்குப் போகணும்னு அப்படி அழுதான். நான் என்ன செய்ய? உரிச்சேன்." உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்தில் பிடித்தாள். "ஆனா அதுக்கப்புறம் படைச் சாப்பாட்ல தேறிட்டான். தோள் இவ்ளோ அகலம்."

"அது சட்டைத் தோளுக்குள்ள வச்சுத் தைச்ச பஞ்சு, அண்ணி."

"என் தம்பி தோளைப் பத்தி எனக்குச் சொல்றியா நீ?"

"என் புருஷன் தோளைப் பத்தி வேற யார் சொல்லணும்?"

"போதும்!"

பாப்பா கத்திய கத்தலில் சார்ஜண்டே விறைப்பாக நின்றுவிட்டார். வேனில் வாண்டுகளை அடக்குகிற அதே குரல். ஆனால் அடுத்த வார்த்தை வரும்போது அது உடைந்துபோயிற்று.

"ரெண்டு பேரும் எதை வச்சுச் சண்டை போடறீங்க? உங்க தம்பியை வச்சு, உங்க புருஷனை வச்சு. அத்தைக்கு அவரோட தோள் இருக்கு. உனக்கு அவரோட தும்மல் இருக்கும்மா. எனக்கு என்ன இருக்கு? பெட்டியில ஏதாவது வைங்கன்னு சொன்னாங்க. வீடு முழுக்கத் தேடினேன். நான் வைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. அவர் என்னைப் பாத்ததில்ல, நான் அவரைத் தொட்டதில்ல. ஒரு குழியும் ஒரு கல்லுமாவது கிடைச்சா அங்க போய் உக்காந்து, இதுதான் எங்கப்பான்னு சொல்லிக்குவேன். அதையும் இன்னைக்குக் கெடுத்துடாதீங்க. ரொம்பப் பொறாமையா இருக்கும்மா உங்களைப் பாத்தா."

அத்தை துணிப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அம்மா மகளையே பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று பாப்பா நினைத்தாள். அவளோ திட்டவில்லை.

"சீசா," என்றாள்.

"என்னம்மா?" என்றார் சார்ஜண்ட்.

"குவார்ட்டர்ஸ் பின்னாடி பிள்ளைங்க விளையாடற பூங்கா இருந்துச்சு. அதுல மேலயும் கீழயும் போற பலகை இருக்குமே, அது. பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடம் போனப்புறம் நாங்க ரெண்டு பேரும் போய் உக்காருவோம். வெக்கம் கெட்ட வேலைதான், என்ன பண்றது, அப்போ சின்ன வயசு. அவர் மேல போயிடுவார். காலை உதைச்சுக்கிட்டு, இறக்கி விடுடி, யாராவது பாத்தா மானம் போயிடும்னு கத்துவார். அப்புறம் ஒரு நாள் பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தார். பலகை நேரா நின்னுச்சு, ஒரு நூல் இப்படி அப்படி இல்ல. அதுக்கப்புறம் எப்பவும் பூட்ஸோடதான் வருவார். பூட்ஸோட அவரும், அப்போ இருந்த நானும் ஒரே எடை."

"அப்போ இருந்த நீ இப்போ எங்க இருக்கே?" என்றாள் அத்தை, அம்மாவை மேலும் கீழும் அளந்தபடி. பிறகு அவள் பார்வை மெதுவாகப் பாப்பாவின் பக்கம் திரும்பியது. "இந்தா நிக்கறா பாரு. போன மாசம் விசேஷத்துக்கு உன்னோட கல்யாண ஜாக்கெட்டை ஒரு தையல் பிரிக்காம போட்டுக்கிட்டு வந்தாளே. நான் அப்பவே கவனிச்சேன்."

அத்தை கவனிக்காதது ஏதாவது உண்டா என்ன! பாப்பாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அம்மா முதல் தடவையாக ஒரு வழி சொல்லியிருக்கிறாள், அதை விட்டுவிடக் கூடாது என்பது மட்டும் அவளுக்குச் சட்டென்று உறைத்தது.

"நான் உக்காரறேன்," என்றாள். "நேரா நின்னா நீ தலையாட்டணும். அப்புறம் வேற பேச்சே பேசக் கூடாது."

"நின்னா ஆட்டறேன்," என்றாள் அம்மா.

தச்சர் துள்ளி எழுந்தார். ஒரு உருட்டுக்கட்டையைப் பட்டறை நடுவில் போட்டு, அது உருளாமல் இருபுறமும் ஆப்பு வைத்தார். பலகைக்குத்தான் தட்டுப்பாடு. அதிகாரிகள் விடுதிக்கென்று புதிதாகச் செய்து, மெருகேற்றிக் காயவைத்திருந்த கதவு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. சார்ஜண்ட், "ஐயோ, அதுவா?" என்பதற்குள் கதவு கட்டை மேல் படுத்துவிட்டது.

மணல் பையைப் பெட்டியிலிருந்து தூக்கி ஒரு முனையில் குறுக்காகக் கிடத்தினார்கள். அத்தை துணிப்பையைத் திறந்து, தம்பியின் பழைய பூட்ஸை வெளியே எடுத்தாள். இத்தனை வருஷம் கட்டிலுக்கடியில் வைத்து, மெருகு போட்டுப் போட்டு, முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தாள். யார் கேட்டும் கொடுக்காத பூட்ஸ். அதை அவளே பையின் ஒரு முனையில் கயிற்றால் கட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். யாரோ அசந்து தூங்குகிற மாதிரிதான் இருந்தது.

மறுமுனையில் பாப்பா சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். உடனே ஆளாளுக்கு உத்தரவு போடத் தொடங்கினார்கள்.

"வேன் சாவியை எடுத்து வெளிய வை!"

"போனையும்!"

"மூச்சைப் பிடிக்காதே, எடை மாறிடும்!"

"காலைல எத்தனை இட்லி தின்னே?" என்று கேட்டாள் அத்தை.

"அத்தை!"

தச்சர் பிடித்திருந்த கையை எடுத்ததும் பாப்பா விர்ரென்று மேலே போனாள். படை கொடுத்த அப்பா தரையில் அமர்த்தலாகக் கிடந்தார்.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றாள் அம்மா. "யாரோ குண்டு ஆளு."

தச்சர் பையின் வாயை அவிழ்த்து, ஒரு தகர டப்பாவால் மணலை அள்ளி வாளியில் கொட்டினார். டப்பா டப்பாவாக அள்ள அள்ள, அத்தையின் முகம் சுண்டிக்கொண்டே வந்தது.

"போதும் போதும், இன்னும் எவ்ளோ இளைக்க வைப்பீங்க என் தம்பியை?"

"கதவு நேரா நிக்கல அண்ணி."

"கதவு கோணலா இருக்கும்."

தச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கதவாம்மா கோணல்?" என்று மட்டப்பலகையைக் கொண்டுவந்து கதவின் மேல் வைத்துக் காட்டினார். இந்த ரகளையில் எல்லோரும் மட்டப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம், அத்தை வாளியிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்துச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டாள். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, தச்சரின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பிடியைத் திரும்ப எடுத்தாள். அத்தை இன்னொரு பிடி போட்டாள். மேலே உட்கார்ந்திருந்த பாப்பாவுக்கு இது அத்தனையும் துல்லியமாகத் தெரிந்தது.

"ரெண்டு பேரும் கையை எடுங்க! இல்லன்னா இப்பவே இறங்கிடுவேன்!"

அம்மாவும் அத்தையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள், வேன் வாண்டுகளைப் போலவே.

தச்சர் இன்னும் கொஞ்சம் அள்ளினார். கதவு முனகியது, அசைந்தது, பாப்பா மெல்ல மெல்லக் கீழே வந்தாள். பிறகு நின்றது. பூட்ஸும் அவளும் ஒரே உயரத்தில். தச்சர் பையின் வாயைக் கட்டிவிட்டு விலகினார். சார்ஜண்ட் கீழே குனிந்து, மீசை தரையைத் தொட, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஒரு நூல் இப்படி அப்படி இல்லம்மா," என்றார்.

பாப்பா எதிரே பார்த்தாள். அந்தப் பக்கம் இருப்பது ஆற்று மணல் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவள் லேசாக முன்னால் சாய்ந்தால் அது கீழே இறங்கியது, பின்னால் நிமிர்ந்தால் மேலே எழுந்தது. அவள் அசைந்தால் அதுவும் அசைந்தது. இப்படி ஒரு ஆள் எதிரே இருந்து தனக்குப் பதில் சொல்வது அவளுக்குப் புதிது.

"இதுதான் அவர்," என்றாள் அம்மா. தலையை ஆட்டினாள். ஒரு தடவை அல்ல, நிறுத்தத் தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். "இதுதான். இவ்ளோதான் இருந்தார்."

இருந்தார். பாப்பா அந்த வார்த்தையைக் கேட்டாள். அத்தையும் கேட்டாள். அத்தை வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சண்டை எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஆனா கடைசி நாள் நேரா நிக்கல," என்றாள் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஆரம்பிச்சுட்டியாம்மா?"

"இல்லடி, தலையாட்டினது ஆட்டினதுதான். இது வேற. லீவு முடிஞ்சு அவர் கிளம்பற அன்னைக்கு ஒரு தடவை போய் உக்காந்தோம். பூட்ஸ் போட்டிருந்தார். அப்பவும் மேல போயிட்டார். லேசாத்தான். அங்கேயே தொங்கிக்கிட்டு யோசிச்சார், யோசிச்சார், அப்புறம், 'ஏய், உன்கூட யாரோ உக்காந்திருக்காங்கடி'ன்னார். நான் கண்டபடி திட்டினேன். குண்டாயிட்டேன்னு கிண்டல் பண்றாரேன்னு கோபம். அவர் போனப்புறம்தான் டாக்டர் சொன்னாங்க." அம்மா மகளின் அருகில் வந்தாள். "டாக்டருக்கு முன்னாடி, எனக்கு முன்னாடி, உன்னை முதல்ல கண்டுபிடிச்சவர் அவர்தான். நீதான் அவரைத் தூக்கினே. ஒண்ணுமே இல்லைன்னு சொல்றியே!"

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"சீசால விளையாடினோம்னு புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்காதா?" என்றாள் அம்மா. "இவ்ளோதான் மேல போனார். பாரு." மகளின் தோளில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். கதவின் மறுமுனை ஒரு விரற்கடை எழுந்தது. "இல்ல, இன்னும் கொஞ்சம்." உள்ளங்கையை வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டு கையையும் மகளின் தோளில் போட்டு, முகத்தை அவள் கழுத்தில் புதைத்து, தன் முழுப் பாரத்தையும் சாய்த்து ஓவென்று அழத் தொடங்கினாள்.

அது சின்ன வயசு எடை இல்லையே. கதவு ஒரேயடியாகச் சாய்ந்தது. அந்தப் பக்கம் விர்ரென்று மேலே போன மணல் பை ஒரு நொடி நின்றது. மெருகேற்றிய புதுக்கதவு வேறு. பூட்ஸ் தடதடவென்று இடிக்க, மனிதர் வழுக்கிக்கொண்டு வந்தார்.

"பிடி! பிடி!" என்று அத்தை அலறினாள். சார்ஜண்ட் பாய்ந்தார். தச்சர் "என் கதவு!" என்றார்.

யாரும் பிடிப்பதற்கு முன்னால் அவர் பாப்பாவின் மடிக்கு வந்து சேர்ந்துவிட்டார். அவள் இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கனமாக இருந்தார். இளம் சூடாகவும் இருந்தார், பட்டறை வெயிலில் கிடந்த மணல் அல்லவா! தலைப்பக்கம் அவள் தோளில் சாய்ந்திருந்தது, பூட்ஸ் ஒன்று கதவுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

"அடி பட்டுச்சாம்மா? விடுங்க, நாங்க தூக்கிக்கறோம்," என்று சார்ஜண்ட் கையை நீட்டினார்.

"இருங்க சார்," என்றாள் பாப்பா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு மூச்சு முட்டியது. இறுக்கிய பிடியைத் தளர்த்தாமலே, வழுக்கப் பார்த்த பூட்ஸை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா வரக் கூடாதாப்பா?" என்று அவரிடம் கேட்டாள்.